சிறைவாயிலில் நின்றோர்

கண்டாவளையில் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில், ஒரு நாள் மாலை பாடசாலை விட்டபின் தாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பிளாஸ்டிக் பையொன்றினுள் நான்காக மடித்துப் பத்திரப்படுத்தியிருந்த கடிதமொன்றை எடுத்து நீட்டினார். "சேர், இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எனக்கு, அதிலிருந்த திகதியைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. சந்தியிலே பலசரக்குக் கடை வைத்திருப்பவர் இளமையிற் கொழும்பில் சிப்பந்தியாக இருந்தவர். அவரே வாசித்துச் சொன்னார். சிறையிலிருக்கும் மகனுடைய வழக்கு வேறொரு தவணைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்பதே செய்தி. ஆனால் அத்தாயோ முதல் வாரமே கொழும்புக்குப் போய், ஒருவரையும் காணாது திரும்பியிருந்தார்.

1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று கூறுகின்றது. சட்டப் புத்தகத்தில் அவ்வாறிருக்க, கண்டாவளையின் ஒரு குடிசைக்கு வந்த கடிதம் வேறு விதமாக இருந்தது. இந்த இடைவெளியைக் கடப்பதற்கு அத்தாய்க்குக் கிடைத்த துணை ஒரு கடைக்காரர் மட்டுமே. படித்தவன் என்று அவர் நம்பி வந்த நான் பயன்படவில்லை. அன்றைய வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து எனலாம்.

சிறை என்றதும் உள்ளே இருப்பவரையே நாம் நினைக்கின்றோம். சிறையின் மதில் வெளியிலும் நீண்டு செல்வதை மறந்துவிடுகின்றோம். கண்டாவளையிலிருந்து பரந்தன் சந்திக்கு வந்து, ஏ-9 வீதியிற் பேருந்தேறி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்து, கொழும்பிலே சில நிமிட நேரம் கம்பி வலைக்கு அப்பால் ஒரு முகத்தைப் பார்த்துத் திரும்பும் மனைவிக்கும் தாய்க்கும் அம்மதில் வீட்டு வாசலிலேயே தொடங்குகின்றது. வயல்வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, பேருந்துக் கட்டணம், சட்டத்தரணியின் கட்டணம், ஊரார் பேச்சு ஆகிய யாவும் அத்தண்டனையின் பகுதிகளே. எந்த நீதிபதியும் அவற்றைத் தீர்ப்பில் எழுதுவதில்லை. ஆயினும் எல்லாக் குடும்பங்களும் அவற்றை அனுபவிக்கின்றன.

இந்த வெளிமதிலின் பக்கத்தில் நின்று பணியாற்றிய மனிதர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அரசியற் கூட்டங்களின் வரலாற்றைப் போன்று அது எழுதப்படவில்லை. அதனைத் தொகுத்து நோக்கினால் மூன்று பணிகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்: உள்ளே இருப்போரின் பெயரை மறையவிடாது பதிந்து வைத்தல்; வழக்கை நடத்துதல்; குடும்பத்தின் அடுப்பு அணையாதிருக்க உதவுதல். இம்மூன்றும் சிறு பணிகளாகவே தோன்றும். ஆயினும் சிறைப்பட்டோருக்குக் கிடைத்த சிறிய பெரிய வெற்றிகள் பலவற்றுக்கும் இவையே அடித்தளமாக இருந்திருக்கின்றன.

தமிழகத்திலிருந்தே தொடங்கலாம். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய வ. உ. சிதம்பரம்பிள்ளைக்கு ஆங்கில நீதிபதி விதித்த தண்டனை நாற்பதாண்டு நாடுகடத்தல். மேன்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலே அவர் செக்கிழுத்ததை நம் மாணவர் அறிவர். 1912இல் விடுதலையாகி வந்தபோது வழக்கறிஞர்த் தொழிலும் இல்லை, கப்பலும் இல்லை, கையிற் பொருளும் இல்லை என்ற நிலையை அத்துணை பேர் அறியார். அவ்வேளையில் தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழர் தமக்குள் திரட்டிய 347 ரூபாய் சொச்சம், காந்தியின் வழியாக 1916இல் அவருக்கு வந்து சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாய்க் கடல் கடந்தோரின் சமூகம் அது. தாம் கண்டறியாத ஒரு சிறையாளியின் குடும்பத்துக்காக அவர்கள் காசு சேர்த்தார்கள். அதனைத் தருமம் என்று கூறுதல் பொருந்தாது. தமக்காகச் சிறை சென்றவனுக்குத் தாம் பட்ட கடன் என்றே அவர்கள் கருதியிருத்தல் வேண்டும்.

வெள்ளையர் போனபின்னும் சிறைகள் மாறவில்லை. 1950 பெப்ருவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு, சென்னை மாகாணத்திற் காவலில் வைக்கப்பட்டிருந்த ஏ. கே. கோபாலன் தம் தடுப்புக்காவலை எதிர்த்து இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்குத் தோற்றது, அவர் விடுதலை பெறவில்லை. ஆயினும், எக்காரணத்துக்காகத் தான் அடைக்கப்பட்டேன் என்பதைக் கைதி நீதிமன்றத்துக்குக்கூட வெளியிடலாகாது என்றிருந்த பதினான்காம் பிரிவு செல்லாதென நீதிபதிகள் தீர்த்தனர். தோற்ற வழக்கும் ஒரு செங்கல்லைப் பெயர்த்துவிட்டே தோற்றது. இப்பாடம் பின்னர் நம் நாட்டிலும் பயன்படுவதைக் காண்போம்.

இலங்கையில் இப்பணி அமைப்பு வடிவம் பெற்றதைப் பற்றிப் பேசும்போது, வடக்கிலிருந்து தொடங்காமல் தெற்கிலிருந்து தொடங்குதல் வேண்டும். 1971 ஏப்ரிலில் மக்கள் விடுதலை முன்னணியின் சிங்கள இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சிக்கு முன்னரே கைதான அதன் தலைவர் றோகண விஜேவீர யாழ்ப்பாணச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார் என்பதை இன்றைய மாணவர் பலர் அறியமாட்டார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டபின் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் முகாம்களிலும் சிறைகளிலும் நிறைந்தனர். அவர்களை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் பிறந்தது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி பொலிசாரிடம் ஒருவர் அளிக்கும் குற்ற ஒப்புதல் அவருக்கெதிரான சான்றாகாது. அந்த முதுமையான பாதுகாப்பைப் புதிய சட்டம் நீக்கிவிட்டது.

இந்நிலையிலேயே 1971இல் கொழும்பில் சிவில் உரிமைகள் இயக்கம் தோன்றியது. சிங்களரும் தமிழரும், கிறித்தவப் பாதிரிமாரும் இடதுசாரிகளும் அதிற் கலந்திருந்தனர். சட்டத்தரணி எஸ். நடேசன் அதில் உழைத்தவர்; குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அதற்குத் தலைமை தாங்கியவர்; சூரியா விக்கிரமசிங்க நெடுங்காலம் அதன் செயலாளராக இருந்தவர். கிளர்ச்சியாளரின் கொள்கையை அவர்கள் ஏற்றனரல்லர். ஆனால் கைதியின் உரிமை அவன் கொள்கையைச் சார்ந்ததன்று என்பதை ஏற்றிருந்தனர். 1974இல் ஆயுள் தண்டனை பெற்ற விஜேவீர, அச்சட்டம் நீக்கப்பட்ட 1977இல் விடுதலையானார்.

தெற்கின் இளைஞர்மீது தீட்டப்பட்ட கத்தி உறையினுள் நெடுநாள் இருக்கவில்லை. 1979 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. தற்காலிக ஏற்பாடு என்று பெயர் சூடி வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. அமைச்சரின் கட்டளையால் மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதம் வரை ஒருவரை வழக்கின்றியே அடைத்துவைக்க அது இடமளித்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலம் சான்றாகும் என்றது. அது வற்புறுத்தலாற் பெறப்பட்டது என்றால், அதனை நிரூபிக்கும் பொறுப்பு அடிபட்டவனையே சாரும் என்றது. 1972இல் தெற்கிலே செய்த பரிசோதனை 1979இல் வடக்கிலே சட்டமாகியது. தெற்கின் சிறையாளிக்காக வடக்கு அன்று உரத்துக் குரல் எழுப்பியிருந்தால் எவ்வாறிருந்திருக்கும் என்று இன்று எண்ணாதிருக்க முடியவில்லை.

1983 யூலை 25ஆம் நாளும் 27ஆம் நாளும் வெலிக்கடைச் சிறையினுள் நடந்தவற்றை இங்கு விரித்தெழுத வேண்டுவதில்லை. முதல் நாள் 35 பேரும் இரண்டாம் முறை 18 பேரும், ஆக 53 தமிழ்க் கைதிகள் அரசின் காவலில் இருந்தவாறே கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் வன்னியில் நாம் மறக்கலாகாத மருத்துவர் இராஜசுந்தரம். 1977 வன்செயலில் வீடிழந்து மலையகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரை வவுனியாப் பகுதியிற் குடியேற்றிய காந்தீயம் என்னும் இயக்கத்தை, கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டுடன் இணைந்து நடத்தியவர் அவர். 1983 ஏப்ரிலிற் கைதானவர், யூலை 27இற் பிணமானார். நிலமற்றோருக்கு நிலமும் நோயாளிக்கு மருந்தும் தேடியவரை நாட்டின் பகைவரென்று அடைத்தது அரசு.

அப்படுகொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. எனினும் அதைப் பற்றி நாம் இன்று இத்துணை தெளிவாக அறிந்திருப்பது எவ்வாறு? உயிர் தப்பியோரைத் தேடி, அவர்தம் வாய்மொழியைச் சூரியா விக்கிரமசிங்க எழுதி வைத்தார். அவர் சிங்களப் பெண்மணி. தென்னிலங்கையிற் பகை கொதித்த காலம் அது. ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவோ வன்செயலின் பின் யாழ்ப்பாணம் வந்து பார்த்து, தம்மின மக்கள் தமிழரிடம் மன்னிப்புக் கோர வேண்டுமென்று வெளிப்படையாக எழுதிவிட்டு, அவ்வாண்டு ஒக்டோபரிற் காலமானார். சிறையாளியின் துணைவர் யார் என்று கேட்கும்போது இனத்தைக் கேட்டால் இவர்களை இழந்துவிடுவோம்.

பெயரைப் பதிந்து வைப்பதன் வலிமையை நம் தாய்மாரும் அறிந்திருந்தனர். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகி, கைதான நூற்றுக்கணக்கான இளைஞரை விடுவிக்குமாறு அரச அதிபரின் பணிமனைக்கு ஊர்வலமாகச் சென்றது. 1990இல் தெற்கிலே சிங்களத் தாய்மார் அதே பெயரில் அணிதிரண்டனர். 2017 பெப்ருவரி 20 முதல் கிளிநொச்சியிற் காணாமற்போனோரின் தாய்மார் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்தனர். தம் பிள்ளை ஏதேனுமொரு சிறையில் உயிருடன் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுட் பலரை அவ்விடத்தில் இருத்தியது.

நம் பக்கத்துச் சிறைகளையும் இங்கே கூறாது விடுதல் நேர்மையாகாது. இதே வன்னியில், துணுக்காயில், விடுதலைப் புலிகள் நடத்திய தடுப்பு முகாமிலே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடைக்கப்பட்டவரும் தமிழரே. 1991இல் அவர்கள் பிடித்துச் சென்ற கவிஞர் செல்விக்காக வெளிநாட்டு எழுத்தாளரும் குரல் கொடுத்தனர், அவர் திரும்பவில்லை. அச்சிறைகளின் வாயிலில் நிற்பதற்குக்கூடக் குடும்பத்தாருக்கு இடமிருக்கவில்லை. சட்டத்தரணி என்ற சொல்லுக்கே அங்கு பொருளிருக்கவில்லை. ஊர் வாய்மூடியிருந்தது. எந்தக் கொடி பறந்தாலும் மதிலுக்குப் பின்னால் இருப்பவன் மனிதன் என்ற ஒரு கொள்கையை நாம் அன்று உறுதியாகப் பற்றியிருந்தோமா?

வழக்கு என்னும் இரண்டாம் பணிக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1993இல் மட்டக்களப்பிற் கைதான சிங்கராசாவுக்கு 1995இல் மேல் நீதிமன்றம் ஐம்பதாண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாயிற்று. அவருக்கெதிராக இருந்த சான்று ஒரு வாக்குமூலம் மட்டுமே. அது சிங்களத்தில் எழுதப்பட்டது. அவருக்கோ அம்மொழியை வாசிக்கத் தெரியாது. பெருவிரல் அடையாளம் மாத்திரமே அவருடையது. உள்நாட்டு வழிகள் முடிந்தபின், மனித உரிமைகள் இல்லம் என்னும் அமைப்பைச் சார்ந்த சட்டத்தரணி வி. எஸ். கணேசலிங்கம் வழக்கை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவின்முன் கொண்டு சென்றார். விசாரணை நீதியாக நடைபெறவில்லை என்று 2004இல் அக்குழு கண்டது. ஆனால் அம்முடிவு இந்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

தோல்வியா? கைதியைப் பொறுத்தவரை தோல்விதான். அதை அழகுபடுத்திக் கூற நமக்கு உரிமையில்லை. எனினும், தான் வாசிக்க முடியாத தாளில் ஒருவன் இட்ட பெருவிரல் அடையாளம் நீதியாகாது என்னும் உண்மை உலக ஏட்டிற் பதிந்துவிட்டது. கோபாலன் வழக்கைப் போலவே, இவ்வழக்கையும் பின்வந்தோர் தம் வாதத்துக்குப் படியாக்கிக் கொண்டனர். கண்டாவளையில் என் கையில் வந்த கடிதத்தையும் அந்தப் பெருவிரல் அடையாளத்தையும் நான் வேறுவேறாகக் காணவில்லை.

போர் 2009இல் முடிந்தது, சிறை முடியவில்லை. தருமபுரம், விசுவமடு வழியாக முள்ளிவாய்க்கால் வரை நடந்து, சரணடைந்து, புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வந்தோர் ஒருபுறம். வழக்கு முடியாமலும் தண்டனை பெற்றும் உள்ளே எஞ்சியோர் மறுபுறம். 2012 யூனில் வவுனியாச் சிறையில் நடந்த மோதலின்பின் தாக்கப்பட்ட தமிழ்க் கைதிகளுள் இருவர் அடுத்தடுத்து மாண்டனர். 2015 ஒக்டோபரில் பல சிறைகளிலும் தமிழ்க் கைதிகள் உணவு மறுத்தனர். தீர்வு தருவதாக ஜனாதிபதி வாக்களித்ததன்பேரில் அது நிறுத்தப்பட்டு, நவம்பரில் முப்பதுக்கு மேற்பட்டோர் பிணையில் வந்தனர். 2021 செப்ரெம்பரில், சிறைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சரே அனுராதபுரம் சிறைக்குச் சென்று தமிழ்க் கைதிகளைத் துப்பாக்கி முனையில் முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் அப்பதவியிலிருந்து விலகினார். கைதிகள் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர்.

இக்காலத்தில் அரசியற் கைதிகளை விடுதலை செய்வதற்கான தேசிய அமைப்பின் சார்பில் அருட்தந்தை மா. சத்திவேல் ஆண்டுக்கணக்காகச் சிறைக்கும் வீட்டுக்கும் இடையே நடந்திருக்கின்றார். 1989 முதல் இந்நாட்டிற் பணியாற்றிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு, கைதிகளைச் சென்று பார்த்ததோடு குடும்பத்தார் போய்வர வழிச்செலவும் கொடுத்தது. வழிச்செலவு கொடுப்பது ஒரு பெரிய காரியமா என்று கேட்போர், ஒருமுறை கண்டாவளையிலிருந்து கொழும்பு மகசீன் சிறைவரை ஒரு கைக்குழந்தையுடன் போய்வருதல் வேண்டும்.

2018 மார்ச்சில் கிளிநொச்சியில் நடந்ததை நாம் யாவரும் அறிவோம். ஆயுட் கைதியொருவரின் மனைவி இறந்தார். இறுதிச் சடங்குக்காகச் சில மணி நேரம் மட்டும் அவர் காவலுடன் அழைத்து வரப்பட்டார். திரும்பும்போது அவருடைய சிறுமகளும் தந்தைக்குப் பின்னால் அச்சிறை வாகனத்தில் ஏறினாள். நாடே அப்படத்தைப் பார்த்து அழுதது; தலைவர்கள் உருகினர்; மகஜர்கள் கையெழுத்தாயின. 2021 யூனிற் பொசன் பொதுமன்னிப்பில் தமிழ்க் கைதிகள் பதினாறு பேர் வெளிவந்தபோது, அவர் அவர்களுள் இருக்கவில்லை. கண்ணீர் விரைவில் உலர்ந்துவிடுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அச்சிறுமி வாகனத்தில் ஏறுவதற்கு முந்திய ஆண்டுகளில் அக்குடும்பத்தின் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் திருத்தப்பட்டது. பதினெட்டு மாதம் பன்னிரண்டு மாதமாயிற்று. வாக்குமூலப் பிரிவு அப்படியே நின்றது. 2024இல் மக்கள் விடுதலை முன்னணியைத் தலைமையாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி, அச்சட்டத்தை ஒழிப்பதாக எழுத்தில் வாக்களித்து ஆட்சிக்கு வந்தது. 1971இல் யாழ்ப்பாணச் சிறையில் தம் தலைவனை வைத்திருந்த கட்சி அது. பொலிசாரிடம் அளித்த வாக்குமூலத்தால் ஆண்டுக்கணக்கில் அடைபட்ட அனுபவம் அவர்களது இயக்கத்தின் எலும்பில் இருக்கின்றது. ஆகவே இவ்வாக்கை நினைவூட்டும் உரிமை நமக்கு இரட்டிப்பாக உண்டு. சிறையை அறிந்தோர் ஆட்சியேறிய பின்னும் ஒரு தாய் வாசிக்க முடியாத கடிதத்தோடு அலைவாளாயின், அவ்வனுபவத்தாற் பயன் என்ன?

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. கைதியின் மனைவியை ஊரார் எவ்வாறு நோக்குகின்றனர்? அவளை வேலைக்கு அழைக்கத் தயங்குவோர் யார்? கைதியின் பிள்ளை வகுப்பில் பேசாதிருக்கும்போது அதை மந்தம் என்று குறித்துக்கொள்ளும் ஆசிரியர் யார்? தேர்தற் காலத்தில் மட்டும் சிறைவாயிலைத் தேடிச் செல்லும் நம் அரசியல்வாதிகளைக் குறைகூறுவது எளிது. நான் பணிபுரியும் பாடசாலைச் சூழலில் கைதிகளின் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்கே பல மாதங்கள் சென்றன. அரசியற் கைதி என்ற பெயரில்லாமல், தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே கிடக்கும் ஏழைகளின் குடும்பங்களையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். அவர்களுக்காக ஊர்வலம் போவோர் எவருமிலர்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை எட்டாத உயரத்தில் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் சிறைப்பட்டோரின் பெயர், வழக்கின் தவணை, சட்டத்தரணியின் பெயர் ஆகியவற்றைக் குடும்பத்தாரின் இசைவோடு ஒரு குறிப்பேட்டிற் பதிந்து வைக்கலாம். சனசமூக நிலையத்தில் வழிச்செலவுக்கென ஒரு சிறு நிதி தொடங்கலாம்; கமக்காரர் அறுவடையில் ஒரு மூடை நெல் தந்தாலும் இரு பயணங்களுக்குத் துணையாகும். தமிழில் பதில் கேட்டு அரசுக்கு விண்ணப்பம் எழுதலாம். அது சட்டம் தந்த உரிமை. அவ்வுரிமை நடைமுறைக்கு வரும்வரை, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் வேண்டும்.

கடைசியிற் கூறியதை நான் எனக்கே கூறிக்கொண்டேன். அடுத்த மாதம் கிளிநொச்சியில் சிங்கள அரிச்சுவடி ஒன்று வாங்கினேன். முப்பது வயது கடந்தவன் எழுத்துக் கூட்டி வாசிப்பதைப் பார்த்து மாணவர் நகைத்தனர். பின்னர் அவர்களுள் சிலர் தாமும் உடன் உட்கார்ந்தனர். அத்தாயின் மகனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டாவது கடிதம் வந்தபோது, திகதியையும் நீதிமன்றத்தின் பெயரையும் ஒத்திவைப்பு என்ற சொல்லையும் நானும் மாணவியொருத்தியும் சேர்ந்து வாசித்தோம். மீதியைக் கடைக்காரர் திருத்தினார். அம்முறை அத்தாய் வீணாகக் கொழும்புக்குப் போகவில்லை.